தபாலில் வந்த பட்டம்

முதல் நாள், பொலோஞா

வெளியே நல்ல மழை. ரயில் நிலையத்திலிருந்து விடுதிவரை இருபது நிமிடம் நடந்தோம். தெருவைக் கடந்த இடங்களைத் தவிர, தலையில் ஒரு சொட்டு விழவில்லை. இத்தாலியில் இருக்கும் இந்த ஊரில் தெருவோரமெல்லாம் தூண்களும் வளைவுகளும் தாங்கும் தாழ்வாரங்கள். எல்லாவற்றையும் ஒரே கோடாக நீட்டினால் 62 கிலோமீட்டர் வரும். 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஊருக்குப் படிக்க வந்தவர்களும் பிழைக்க வந்தவர்களும் பெருகியபோது, வீட்டுக்காரர்கள் மாடி அறைகளைத் தெருவின்மேல் நீட்டிக் கட்டினார்கள். நீட்டிய அறைக்குத் தூண் வைத்தார்கள். தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாதை கிடைத்தது. எந்தக் காலத்திலோ எந்த மாணவனுக்கோ அறை வாடகைக்கு விட்டவர் புண்ணியத்தில் இன்று நாங்கள் நனையாமல் வந்து சேர்ந்தோம். "குடையை வீணாகச் சுமந்து வந்தேன்" என்று அக்கா மூன்று முறை சொல்லிவிட்டாள்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகள் பதுவா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடிக்கிறாள். வயது 26. வீட்டில் எல்லோருக்கும் இன்னும் பாப்பாதான். வருகிற ஐந்தாம் நாள் காலையில் தன் ஆய்வைப் பேராசிரியர் குழுவின் முன் வைத்துப் பேச வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் அங்கேயே பட்டம். அதுவரை அவளுக்குத் தலை நிமிர நேரமில்லை. ஆகவே எங்களை இங்கே இரண்டு நாள் நிறுத்தி வைத்திருக்கிறாள். "பதுவாவுக்கு வருமுன் அதன் தாய்வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள் மாமா" என்பது உத்தரவு. அவள் சொன்னது சரிதான். பொலோஞாவோடு ஒத்துப்போகாத ஆசிரியர்களும் மாணவர்களும் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போய் 1222இல் தொடங்கியதுதான் பதுவா பல்கலைக்கழகம். கோபத்தில் பிரிந்த சம்பந்தி வீடு என்றும் சொல்லலாம்.

இன்னொன்றையும் இன்றே ஒப்புக்கொள்கிறேன். நான் என் பட்டமளிப்பு விழாவுக்குப் போனவன் இல்லை. புதிதாகச் சேர்ந்த வேலை, விடுப்புக் கேட்கத் தயக்கம். அதையெல்லாம்விட, நீண்ட வரிசையில் நின்று ஒரு சுருளை வாங்குவதில் என்ன இருக்கிறது என்ற இளவயது மிதப்பு. விழாவுக்கு வராதவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அப்போது நான் வெளியூரில் இருந்தேன். வீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அக்கா. இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது அட்டைக் குழலை எடுத்துக் கொடுத்தாள். அதன் ஒரு முனை பிரிந்திருந்தது. வரும் வழியில் கிழிந்திருக்கும் என்று நினைத்து அப்படியே பெட்டியில் போட்டுவிட்டேன்.

அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவள். கணக்கில் 91 மதிப்பெண். இதை யாரும் கேட்கவே வேண்டாம், அவளே சொல்வாள். அவளைப் படிக்க வேண்டாம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. மேலே சேர்வதற்கான விண்ணப்பப் படிவத்தை யாரும் வாங்கி வரவில்லை, அவ்வளவுதான். நான்கு ஆண்டு கழித்து எனக்கு வாங்கி வந்தார்கள்.

இரண்டாம் நாள், பொலோஞா

இன்று முழுக்க ஆர்கிஜின்னாசியோ மாளிகையில் கழிந்தது. 1563இல் கட்டியது. 1803வரை பல்கலைக்கழகம் இங்கேதான் நடந்தது, இப்போது நகர நூலகம். உலகத்தின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று பொலோஞாவைச் சொல்கிறார்கள், தொடங்கிய ஆண்டு 1088 என்கிறார்கள். இந்த 1088 எப்படி வந்தது என்பது சுவையான கதை. 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழா எடுக்க ஆசைப்பட்டார்கள். கவிஞர் ஜொசுவே கார்தூச்சி தலைமையில் குழு போட்டு 1088 என்று முடிவு செய்தார்கள். பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்குப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் ஒரு தேதி எழுதிவிடுவாரே, அந்த வகை. பிள்ளை பிறந்தது மட்டும் நிச்சயம். தொடக்க நூற்றாண்டுகளில் பாடம் நடந்தது ஆசிரியர் வீடுகளிலும் வாடகைக் கூடங்களிலும். பல்கலைக்கழகத்துக்கென்று ஒரே கூரை கிடைத்தது இந்த மாளிகை வந்த பிறகுதான்.

சுவர், வளைவு, கூரை என்று எங்கே பார்த்தாலும் மாணவர்களின் குலச் சின்னங்கள். ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் பெயரும் ஊரும். நாங்கள் பெஞ்சில் பெயர் கிறுக்கியதற்குப் பிரம்படி வாங்கினோம். இவர்கள் வண்ணம் தீட்டிக் கூரையிலேயே பொறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே தொடக்கத்தில் பல்கலைக்கழகம் என்ற சொல்லே மாணவர்களின் சங்கத்தைத்தான் குறித்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் வீட்டு வாடகைக்கும் புத்தக விலைக்கும் பேரம் பேச ஒன்று சேர்ந்தார்கள். பிறகு அதே கையோடு ஆசிரியர்களையும் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சம்பளம் கொடுத்தவர்கள் அவர்கள். 1317ஆம் ஆண்டு விதிகளைப் படித்தால் ஆசிரியர்கள்மேல் இரக்கம் வருகிறது. அனுமதியில்லாமல் ஒரு நாள்கூட விடுப்புக் கிடையாது. ஊரை விட்டு வெளியே போனால், திரும்பி வருவதற்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். மணி அடித்ததும் பாடம் தொடங்க வேண்டும், அடுத்த மணி அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். வகுப்பில் ஐந்து பேர்கூடச் சேரவில்லை என்றால் ஆசிரியர் வரவில்லை என்று கணக்கு வைத்து அபராதம். அத்தியாயத்தைத் தாண்டிப் போகக் கூடாது. கடினமான பகுதியை மணி முடியும் நேரத்துக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியை நான் படித்துச் சொன்னதும் அக்கா நின்றுவிட்டாள். "இதை எல்லா ஊரிலும் எழுதி வைத்திருக்க வேண்டும்" என்றாள்.

மாடியில் உடற்கூறியல் அரங்கம், சடலத்தை அறுத்துக் காட்டிப் பாடம் நடத்திய கூடம். 1637இல் மரத்தால் இழைத்தது. ஆசிரியர் இருக்கைக்கு மேலே உள்ள விதானத்தைத் தோலுரித்த இரண்டு மனித உருவங்கள் தாங்குகின்றன. 1944 ஜனவரி 29இல் விழுந்த குண்டில் இந்த அரங்கம் சிதறியது. இடிபாட்டில் கிடைத்த மரத் துண்டுகளைப் பொறுக்கி, அவற்றையே மறுபடி பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். போர் நடந்துகொண்டிருக்கும்போது சிலையின் கை எது, விரல் எது என்று தேடியவர்களை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அங்கேதான் அக்கா திடீரென்று கேட்டாள். "தம்பி, வீரமாமுனிவர் படித்தது இந்த ஊரில்தானே?"

எனக்குத் தெரியவில்லை. கைபேசியில் தேடினேன். ஆமாம். இத்தாலியில் பிறந்த ஜோசப் பெஸ்கி தமிழ்நாட்டுக்கு வருமுன் பொலோஞாவில் படித்தவர். "எப்படித் தெரியும்?" என்றேன். பள்ளிக்கூடத்தில் தமிழம்மா சொன்னாராம். நாற்பத்தைந்து ஆண்டுக்கு முன் கேட்டதை வைத்திருந்திருக்கிறாள். அதோடு விடவில்லை. பழைய ஏட்டில் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி இருக்கும், நெடிலுக்கு இருக்காது, ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் பலர் விட்டுவிடுவார்கள், எது குறில் எது நெடில் என்று படிக்கிறவன் தவிக்க வேண்டும், அதை மாற்றி நெடிலுக்குக் காலும் சுழியும் கொடுத்தவர் அவர் என்று பாடம் எடுத்துவிட்டாள். அரங்கத்தில் எங்களைத் தவிர நான்கு ஜெர்மானியர்கள் இருந்தார்கள். ஆசிரியர் வகுப்புக்கு ஐந்து பேர் தேவை என்ற விதி நிறைவேறிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

நான் இப்போது எழுதுகிற ஒவ்வொரு 'ஏ'யிலும் இந்த ஊரில் படித்த ஒருவரின் கை இருக்கிறது.

அவருடைய சதுரகராதி 1732ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே 1732இல் இந்த ஊரில் லௌரா பாஸ்ஸி என்ற இருபது வயதுப் பெண் 49 கருத்துரைகளை முன்வைத்துப் பொதுச் சபையில் வாதாடி, மே மாதம் பட்டம் பெற்றாள். பல்கலைக்கழகத்தில் பதவியும் கொடுத்தார்கள். பெண் என்பதால் எல்லோரையும்போலத் தினமும் வகுப்பெடுக்க மட்டும் விடவில்லை. அவர் தன் வீட்டிலேயே பாடம் நடத்தினார், சோதனைக் கருவிகளை வீட்டிலேயே வாங்கி வைத்தார். 1776இல் சோதனை இயற்பியலுக்குப் பேராசிரியர் ஆனார். அவருக்கு உதவியாளராகப் போட்டது அவருடைய கணவரை. இதைக் கேட்டு அக்கா வெகுநேரம் சிரித்தாள்.

சாயங்காலம் இரண்டு கோபுரங்களைப் பார்க்கப் போனோம். அசினெல்லி கோபுரம் 97 மீட்டர், 498 படிகள். பட்டம் வாங்குமுன் இதில் ஏறினால் படிப்பு முடியாது என்று மாணவர்கள் நம்புகிறார்கள். பக்கத்துக் கோபுரம் சாய்ந்து அபாயமாகிவிட்டதால் 2023 அக்டோபர் முதல் யாரையும் ஏறவிடுவதில்லை. யாருக்கும் படிப்புக் கெடாது.

மூன்றாம் நாள், ரயிலில்

ரயில் நாற்பது நிமிடம் தாமதம். இப்போது பெர்ராரா நிலையத்தில் நிற்கிறோம், அதனால் எழுதுகிறேன்.

இந்த ஊருக்கும் பட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோப்பர்நிக்கஸ் பொலோஞாவில் சட்டம் படித்தார், பதுவாவில் மருத்துவம் படித்தார், ஆனால் 1503 மே 31இல் பட்டம் வாங்கியது இரண்டு ஊரிலும் இல்லை. நடுவில் இருக்கிற இந்தப் பெர்ராராவில் வாங்கினார். செலவுக்குப் பயந்துதான் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் பட்டத்துக்கு இரண்டு கட்டம். முதலில் ஆசிரியர்கள் முன்னால் தனித் தேர்வு. உண்மையான சோதனை அதுதான். தேறியவன் கற்றவன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்தது பேராலயத்தில் ஊரறிய நடக்கும் விழா. புத்தகமும் மோதிரமும் தொப்பியும் கொடுத்து ஆசிரியர் இருக்கையில் உட்கார வைப்பார்கள். அதற்கு ஊர்வலம், விருந்து, ஆசிரியர்களுக்கெல்லாம் பரிசு. முதல் கட்டம் தேறிவிட்டு, இரண்டாவதற்குப் பணமில்லாமல் நின்றவர்கள் ஏராளம்.

அவர்களுக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஊருக்குத் தெரியாது.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

நான்காம் நாள், பதுவா

பதுவா என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது அந்தோனியார். பதுவை என்று ஊர்ப் பெயரையே தமிழாக்கி வைத்திருக்கிறோம். காலையில் முதலில் அவர் ஆலயத்துக்குத்தான் போனோம். வாக்கு வன்மைக்குப் பேர்போனவர் என்பதால் அவர் நாக்கைப் பேழையில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் பேசப் போகிற மகளுக்காக அக்கா அந்தப் பேழையின் முன்னால் கூடுதலாக ஒரு நிமிடம் நின்றாள். நாங்கள் எந்த மதம் என்பதைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

பிறகு பாலாட்சோ போ. 'போ' என்றால் எருது. முன்பு இங்கே அந்தப் பெயரில் ஒரு சத்திரம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்கலைக்கழகம் இதற்குள் வந்தது. தமிழில் 'போ' என்று சொன்னாலும், உள்ளே போய்ப் பார்க்க முன்பதிவு வேண்டும்.

1592 முதல் 1610வரை பதினெட்டு ஆண்டுகள் கலிலேயோ இங்கே ஆசிரியர். கூட்டம் அதிகமாகி அவர் முகம் தெரியாமல் போனதால் மாணவர்களே ஒரு மர மேடை செய்து கொடுத்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. அந்த மேடையை வைத்திருக்கிறார்கள். கரடுமுரடான பலகைகள், கோணலான படிகள். தச்சு வேலை தெரியாதவர்கள் அன்போடு செய்தது என்று பார்த்தாலே தெரிகிறது.

1595இல் திறந்த உடற்கூறியல் அரங்கம் இன்றும் நிற்கிறது. இப்படி நிலையாகக் கட்டியவற்றில் உலகில் எஞ்சியிருப்பவற்றுள் இதுவே மூத்தது. நீள்வட்டமாக ஆறு அடுக்கு, உட்கார இடமில்லை, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல நின்றே பார்க்க வேண்டும். நாங்கள் கீழேயிருந்து, அதாவது சடலம் கிடந்த இடத்திலிருந்து, மேலே பார்த்தோம். இரத்தம் உடலில் சுற்றிவருகிறது என்று பிற்பாடு நிறுவிய வில்லியம் ஹார்வி 1602இல் இங்கே பட்டம் பெற்றவர். இந்த அடுக்குகளில் எங்கோ நின்றிருப்பார்.

ஆனால் அக்கா நின்றது வேறிடத்தில். பழைய முற்றத்தில், மாடிப்படியின் அடியில் ஒரு பெண் சிலை. எலெனா லுக்ரேசியா கொர்னாரோ பிஸ்கோப்பியா. வெனிஸ் நகரத்துப் பெரிய குடும்பத்தில் 1646இல் பிறந்தவர். தாய் ஏழை வீட்டுப் பெண். லத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபு என்று மொழிகளைக் கற்றவர். இறையியலில் பட்டம் கேட்டு விண்ணப்பம் போனது. பதுவாவின் ஆயர் கிரிகோரியோ பர்பரிகோ பல்கலைக்கழகத்தின் வேந்தரும்கூட. பெண்ணுக்கு இறையியல் பட்டமா என்று மறுத்தார். இழுபறிக்குப் பிறகு தத்துவத்தில் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

1678 ஜூன் 25. பல்கலைக்கழகக் கூடம் கூட்டத்தைத் தாங்காது என்று பேராலயத்துக்கு மாற்றினார்கள். அரிஸ்டாட்டிலின் நூல்களில் திறந்த இடத்தில் இரண்டு பகுதிகளைக் கொடுத்தார்கள். அவர் லத்தீனில் விளக்கினார். முடிந்ததும், வழக்கமான இரகசிய வாக்கெடுப்பு வேண்டாம் என்று ஒருமனதாகவே தேர்ச்சியை அறிவித்தார்கள். கையில் புத்தகம், விரலில் மோதிரம், தோளில் வெள்ளை மென்மயிர்ப் போர்வை, தலையில் புன்னை போன்ற இலைகளால் ஆன லாரல் மாலை. உலகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்.

அடுத்த பெண்ணுக்கு? பதுவா கதவை மூடிக்கொண்டது. இன்னொரு பெண் பட்டம் பெற 54 ஆண்டுகள் ஆயின. அதுவும் இங்கே இல்லை, பொலோஞாவில், நாம் முந்தாநாள் பார்த்த லௌரா பாஸ்ஸி. ஒருத்திக்கு ஊரே கூடிக் கொண்டாட்டம் நடத்திவிட்டு மற்றவர்களுக்குப் படிவம் கொடுக்காமல் இருந்துவிட முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி இல்லை.

"38 வயதிலேயே இறந்துவிட்டாளா?" என்று அக்கா கேட்டாள். ஆமாம், 1684இல். "பாவம்" என்றவள், சிலையைச் சுற்றி ஒரு முறை நடந்து, பின்பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள்.

இரவு பாப்பா வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். நாளைக்குப் பேசுவதை ஒரு முறை ஒத்திகை பார்க்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் தொடங்கியவளை அக்கா நிறுத்தினாள். "தமிழில் சொல். அதில் சொல்ல முடிந்தால் எதிலும் சொல்லலாம்." பாப்பா திணறினாள். கரையோர நிலத்தடியில் நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் கீழேயிருந்து நாற்பது மீட்டர் உப்பு ஏறும். வெனிஸ் காயலின் தென்கரையில் இதைத்தான் அளந்திருக்கிறாள். "உப்புநீர் ஊடுருவல்..." என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா, "கரிப்பு ஏறுகிறது என்று சொல்லேன்" என்றாள். பாப்பா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு அக்கா ஒரு கேள்வி கேட்டாள். "இறைப்பதை நிறுத்திவிட்டால் எத்தனை வருஷத்தில் மறுபடி நல்ல தண்ணீர் ஆகும்?"

பாப்பா என்னைப் பார்த்தாள். "மாமா, இதை மட்டும் நாளைக்கு யாரும் கேட்கக் கூடாது." பிறகு இரவு ஒரு மணிவரை அதற்கான பதிலைத் தயாரித்தாள்.

ஐந்தாம் நாள், பதுவா

அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நான் எதிர்பார்த்தது சரவிளக்கும் கறுப்பு அங்கியும். கிடைத்தது புரொஜெக்டர் வைத்த ஒரு சாதாரண வகுப்பறை. வரிசையாகப் பேராசிரியர்கள், நடுவில் தலைவர், பின்னால் பெஞ்சுகளில் குடும்பங்கள். பதினைந்து நிமிடம் பேசினாள். வலது காலை இடது காலோடு பின்னிக்கொண்டு நிற்கிற சின்ன வயதுப் பழக்கம் இன்னும் போகவில்லை. மூன்று கேள்விகள். இரண்டு எனக்குப் புரிந்தன, பதில் ஒன்றும் புரியவில்லை. எங்களை வெளியே அனுப்பினார்கள்.

தாழ்வாரத்தில் நாலைந்து மொழிக் குடும்பங்கள் நின்றிருந்தன. எல்லா அப்பாக்களும் சுவரில் இருந்த அறிவிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் தீயணைப்புக் கருவியைப் பயன்படுத்தும் முறையை இத்தாலிய மொழியில் இரண்டு முறை படித்தேன். அக்கா மட்டும் கதவைப் பார்த்தபடியே நின்றாள்.

மறுபடி அழைத்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றோம். தலைவர் பாப்பாவின் முழுப் பெயரைத் தடுமாறித் தடுமாறிச் சொன்னார். சட்டம் எனக்கு அளித்த அதிகாரத்தின்படி என்று தொடங்கும் வாக்கியம். கடைசிச் சொல் 'தொத்தோரெஸ்ஸா', பட்டம் பெற்ற பெண்ணை அழைக்கும் சொல். 110க்கு 107. கைகுலுக்கல். அடுத்த மாணவர். முழுவதும் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "மீதி மூன்று எங்கே போயிற்று?" என்று என் வாய் கேட்டுவிட்டது. வழிவழியாக வந்த வியாதி. அக்கா என் காலை மிதித்தாள்.

விழா உள்ளே இல்லை, வெளியே இருந்தது. வாசலைத் தாண்டியதும் சிநேகிதர்கள் பாய்ந்து அவள் தலையில் லாரல் மாலையைக் கவிழ்த்தார்கள். சிவப்பு நாடா கட்டிய பச்சை இலை வளையம். இத்தாலிய மொழியில் பட்டத்துக்கே 'லௌரேயா' என்றுதான் பெயர், லாரலிலிருந்து வந்தது. எலெனாவின் தலையில் வைத்த அதே இலை. பிறகு 'தொத்தோரே' என்று தொடங்கும் ஒரு பாட்டு. முதல் சொல்லுக்கு மேல் மொழிபெயர்க்க முடியாது. அக்கா பொருள் கேட்டாள். "வாழ்த்துப் பாட்டு அம்மா" என்றாள் பாப்பா.

இந்த ஊரின் தனிச் சொத்து அடுத்து வந்தது. பெயர் 'பாப்பிரோ'. ஆளுயரக் காகிதத்தில் பட்டம் பெற்றவரின் கேலிச் சித்திரம், சுற்றிலும் எதுகையோடு எழுதிய வாழ்க்கை வரலாறு. பாராட்டு ஒரு வரிகூட இருக்கக் கூடாது. தோற்ற தேர்வு, தவறவிட்ட ரயில், எரித்துவிட்ட பாத்திரம் எல்லாம் இருக்க வேண்டும். அதைச் சுவரில் ஒட்டி, உரியவரைக் கோமாளி வேடத்தில் நிறுத்தி, தெருவே கேட்க வாசிக்க வைப்பார்கள். பாப்பாவை நீல நிற பாலித்தீன் தாளால் சுற்றி நீர்த்துளியாக்கிவிட்டார்கள். வட்டார வழக்கில் எழுதியிருந்ததால் அவள் நாக்குப் புரளவில்லை. பிழை விட்டால் கூச்சல், முதலிலிருந்து தொடங்க வேண்டும். வழியில் போகிறவர்களும் நின்று கூச்சலிடலாம், யாருக்கும் தடையில்லை. ஒரு தாத்தா சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பிழைகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

படத்தின் மூலையில் புடவை கட்டிய ஓர் அம்மா தொலைபேசியோடு இருந்தாள். வாயிலிருந்து ஒரு குமிழ், அதற்குள் இத்தாலிய எழுத்தில் 'சாப்பிட்டாயா'. இரண்டு ஆண்டு தினமும் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் அந்தச் சொல் மனப்பாடம். அவர்கள் அக்காவைப் பார்த்ததும் ஒரே குரலில் அதைச் சொன்னார்கள். அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள்.

இரவு. பாப்பா நண்பர்களோடு போய்விட்டாள். விடுதி அறையில் அக்கா மாலையிலிருந்து உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"உன்னுடையதையும் வாசித்தேன்."

"எதை?"

"உன் பட்டத்தை. தபாலில் வந்த அன்றைக்கே பிரித்தேன். அம்மா அப்பாவைக் கூடத்தில் உட்கார வைத்தேன். பக்கத்து வீட்டிலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். நின்றுகொண்டு சத்தமாக வாசித்தேன். ஆங்கிலம் முழுக்கவும் வரவில்லை, எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். உன் பெயர் வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்."

அட்டைக் குழலின் பிரிந்த முனை எனக்கு இப்போதுதான் விளங்கியது.

"ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"இரண்டாம் வகுப்பு என்று போட்டிருந்தது. அந்த இடத்தை மட்டும் மெதுவாகப் படித்துவிட்டேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று நினைத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க முடியவில்லை. அவள் பத்தொன்பது மதிப்பெண்ணோ இருபது மதிப்பெண்ணோ என்னைவிட அதிகம் வாங்கியவள், கணக்கில். இதை இன்று அவள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

ஆறாம் நாள், பதுவா

ஊருக்குக் கிளம்புகிறோம். 1545இல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தைப் பார்க்க நேரமில்லை. ஜோத்தோ வரைந்த சுவரோவியங்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இருந்த ஒரு மணி நேரத்தில் எங்கே போகலாம் என்று கேட்டபோது அக்கா தயங்காமல் சொன்னாள். எலெனாவைப் புதைத்த சாந்தா ஜுஸ்தீனா ஆலயம் வரை நடந்தோம். மிகப் பெரிய ஆலயம், மிகச் சிறிய கூட்டம். அக்கா கைப்பையிலிருந்து நேற்றைய இலை ஒன்றை எடுத்து, யாரும் பார்க்காதபோது ஒரு பலகையின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

ரயில் நிலையத்தில் பாப்பா ஏதோ ஓர் இணையப் படிவத்தைக் கைபேசியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். முத்திரையிட்ட அசல் சான்றிதழ் கைக்கு வரக் கொஞ்ச காலம் பிடிக்குமாம். அதற்குள் அவள் வேலைக்கு எந்த ஊரில் இருப்பாளோ தெரியாது.

"எந்த முகவரி கொடுக்கட்டும் அம்மா?"

"வீட்டு முகவரியைக் கொடு" என்றாள் அக்கா. "கையெழுத்துப் போட்டு வாங்க நான் இருக்கிறேன்."